வேண்டாதவர்கள் காக்கும் தோட்டம்

வில்லன் என்று பெயரெடுத்தவர்களைச் சிறையிலிருந்து இழுத்துவந்து, ஊரைக் காப்பாற்றும் வேலையில் கட்டாயமாக இறக்கிவிடும் சூப்பர்ஹீரோ படங்கள் இப்போது நிறைய வருகின்றன. அவர்களுக்குள் பாசம் கிடையாது, நம்பிக்கையும் கிடையாது. ஆனாலும் ஆளுக்கொரு காரணத்துக்காக ஒரே பக்கம் நின்று சண்டை போடுவார்கள். அப்படி ஒரு கூட்டம் பேராக்கின் பழைய பால்மரத் தோட்டங்களில் ஒவ்வோர் இரவும் உண்மையாகவே வேலை பார்க்கிறது. சாவுச் செய்தி சொல்வதாகக் கல்லெறி வாங்கும் கூகை, கண்ட இடத்தில் அடிபட்டுச் சாகும் நாகம், பூவைக் கெடுப்பதாகப் பழி சுமக்கும் வௌவால், பெயர்கூட யாருக்கும் தெரியாத ஒரு கூன்வண்டு.

இந்தக் களத்தில் பெரும்பாலானோர் வெளியிலிருந்து வந்தவர்கள். ரப்பர், பிரேசில் காட்டு மரம். லண்டன் கியூ தோட்டம் வழியாக வந்த கன்றுகளில் சில, 1877இல் கோலகங்சாரில் அன்றைய பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் அந்த ஊரில் நிற்கிறது. பின்னால் எழுந்த தோட்டங்களில் பால் வெட்டுவதற்காக நம் பாட்டன் பூட்டன்மார் கப்பலேறி வந்தார்கள். ரப்பர் விலை சரிந்த 1960களிலிருந்து பால்மரத்தைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். அதுவும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பனைதான். சுங்கை சிப்புட்டிலிருந்து தெலுக் இந்தான் வரை இன்று காரில் போனால் இரு பக்கமும் பெரும்பாலும் அதுதான் தெரியும்.

மரம் மாறியதும் எலிக்கு யோகம் அடித்தது. பால்மரக் காட்டில் எலிக்குப் பெரிதாகத் தீனி இல்லை. செம்பனையோ ஆண்டு முழுக்கக் குலை தள்ளும். பழத்தில் எண்ணெய், கொட்டையில் பருப்பு. அறுவடையின்போது வெட்டிப்போட்ட மட்டைகளை வரிசைக்கிடையே அடுக்கிவைப்பது தோட்டத்து வழக்கம். அந்த அடுக்குகளே எலிக்கு வீடு. தங்குமிடமும் சாப்பாடும் பத்தடி தூரத்தில் கிடைத்தால் எந்த உயிர்தான் பெருகாது? கட்டுப்படுத்தாமல் விட்ட செம்பனைக் காட்டில் ஒரு ஹெக்டருக்கு 200 முதல் 600 எலிகள்வரை இருக்கும் என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். விளைய வேண்டிய எண்ணெயில் ஏறத்தாழ 5 விழுக்காடு அவற்றின் வயிற்றுக்குள் போகும்.

கூகை வந்தது இந்த விருந்துக்குத்தான். வெள்ளை முகமும் பொன்னிற முதுகும் கொண்ட இந்தப் பறவையைத் தீபகற்ப மலேசியாவில் முன்பு அரிதாகவே பார்க்க முடிந்தது. அடர்ந்த காடு அதற்கு ஒத்துவராது. 1960களின் இறுதியில் ஜொகூர் செம்பனைத் தோட்டமொன்றில் அது கூடு வைத்தது பதிவானது. அதன்பின் மெல்ல வடக்கே பரவியது. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. கூகை கூடு கட்டாது. மரப்பொந்தோ கட்டடத்து இடுக்கோ கிடைத்தால்தான் முட்டையிடும். செம்பனையில் பொந்து ஏது? அதனால் தோட்டங்களில் கம்பம் நட்டு, ஆள் உயரத்துக்கு மேலே பலகைப் பெட்டிகளை ஏற்றிவைத்தார்கள். ஐந்து பத்து ஹெக்டருக்கு ஒரு பெட்டி என்பது பொதுவான கணக்கு. மட்டைகளுக்கு நடுவே ஒற்றையாக நிற்கும் அந்தப் பெட்டியைப் பார்த்து, அது எதற்கு என்று புரியாமல் கடந்துபோகிறவர்கள் இன்றும் உண்டு.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது இயற்கை உண்டாக்கிய மிக நுட்பமான கேட்கும் கருவிகளில் ஒன்று. ரோஜர் பெய்ன் என்ற அமெரிக்க அறிவியலாளர், சருகு பரப்பிய இருட்டறையில் கூகையை விட்டுப் பார்த்தார். துளி வெளிச்சம் இல்லை. ஆனாலும் சருகில் எலி ஓடிய இடத்தைப் பறவை சரியாகப் பிடித்தது. அது எலியின் வாசமா, உடற்சூடா, ஓசையா என்று சந்தேகம் வராமலிருக்க, எலிக்குப் பதிலாகக் காகித உருண்டை ஒன்றை நூலில் கட்டிச் சருகின்மேல் இழுத்தார். கூகை காகிதத்தின் மேலும் பாய்ந்தது. காது மட்டுமே போதும் என்பது உறுதியானது.

எப்படி முடிகிறது? கூகையின் இரண்டு காதுத் துளைகளும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று மேலே, மற்றொன்று சற்றுக் கீழே. கீழிருந்து வரும் ஓசை ஒரு காதில் உரக்கக் கேட்கும், மேலிருந்து வருவது இன்னொரு காதில் உரக்கக் கேட்கும். அந்த வேறுபாட்டை வைத்து உயரத்தை அளக்கிறது. ஓசை ஒரு காதை முந்தியும் மறு காதைப் பிந்தியும் சேர்வதை வைத்து இடம் வலம் அறிகிறது. அந்த இடைவெளி, நொடியைப் பத்தாயிரம் கூறு போட்டால் இரண்டு கூறைத் தாண்டாது. நாம் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக் கேட்பதுபோல, அதன் இதய வடிவ முகத்து இறகுகள் ஓசையைத் திரட்டிக் காதுக்கு அனுப்புகின்றன. எரிக் நுட்சனும் மசகாசு கோனிஷியும் 1978இல் கூகையின் மூளைக்குள் எட்டிப் பார்த்தபோது, வெளியே இருக்கும் ஒவ்வொரு திசைக்கும் தனித்தனி நரம்பணுக்கள் வரிசையாக ஒதுக்கப்பட்டிருப்பதைக் கண்டார்கள். ஓசையாலான வரைபடம் ஒன்று அந்தச் சிறிய தலைக்குள் இருக்கிறது. சிறகின் முன்விளிம்பில் சீப்புப் பல்லைப் போன்ற நுண்மயிர் காற்றைக் கிழித்துச் சத்தத்தை அடக்கிவிடுவதால், எலிக்கு எச்சரிக்கை எதுவும் எட்டுவதில்லை.

பெட்டியின் அடியில் கருமையான உருண்டைகள் கிடக்கும். கூகை எலியை முழுதாக விழுங்கிவிட்டு, செரிக்காத மயிரையும் எலும்பையும் திரட்டி வாய்வழியே கக்கியவை அவை. ஓர் உருண்டையைத் தண்ணீரில் ஊறவைத்து மெல்லப் பிரித்தால் முதலில் சாம்பல் நிற மயிர் கரைந்து மிதக்கும். பிறகு விலா எலும்புகள், அப்புறம் உடையாத மண்டையோடு, அதில் மஞ்சளேறிய இரண்டு முன்பற்கள். இப்படி உருண்டைகளை எண்ணித்தான் 1980களில் கிரகாம் லெண்டன், மலேசியக் கூகையின் உணவில் 98 விழுக்காட்டுக்கும் மேல் எலிதான் என்று காட்டினார். குஞ்சுகளோடு இருக்கும் ஒரு சோடி, ஆண்டுக்கு ஆயிரம் எலிகளுக்குக் குறையாமல் தின்னும் என்பது மதிப்பீடு.

பாசம் இல்லாத கூட்டம் என்று சொன்னேன், பெட்டிக்குள்ளும் அதே கதைதான். முதல் முட்டை இட்டதுமே தாய் அடைகாக்கத் தொடங்கிவிடும். அதனால் குஞ்சுகள் வெவ்வேறு நாளில் பொரியும், உடலளவில் பெரிய வித்தியாசம் இருக்கும். எலி குறைந்த காலத்தில் கடைசிக் குஞ்சு பட்டினியால் செத்துப்போகும், சில வேளை அண்ணன்மாருக்கே இரையாகிவிடும். கேட்கக் கொடுமையாக இருந்தாலும், கிடைக்கும் எலிக்கேற்பக் குடும்பத்தை அளந்துகொள்ளும் வழி அது.

அடுத்தவர் கூன்வண்டு. இவரைத்தான் இந்தக் கதையின் உண்மையான நாயகர் என்பேன். நீளம் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். செம்பனையில் ஆண்பூங்கொத்தும் பெண்பூங்கொத்தும் ஒரே மரத்தில் வெவ்வேறு காலத்தில் பூக்கும். காற்றே மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்றுதான் தோட்டக்காரர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். ஆனால் காய் சரியாகப் பிடிக்கவில்லை. அதனால் மகரந்தத்தை டால்கம் மாவோடு கலந்து, ஒவ்வொரு பெண்பூவாகத் தேடித் தேடி ஊதுகிற வேலையைத் தோட்டத் தொழிலாளர்கள் செய்தார்கள். முள்ளுக்கு நடுவே கையை நுழைத்து, மரத்துக்கு மரம் ஓடிச் செய்யும் வேலை அது.

யூனிலீவர் தோட்டங்களின் பொறுப்பிலிருந்த லெஸ்லி டேவிட்சன் ஆப்பிரிக்காவில் வேலை பார்த்தவர். அங்கே செம்பனைப் பூவில் வண்டுகள் மொய்ப்பதைப் பார்த்த அவருக்குக் காற்றுக் கதையில் ஐயம். பாகிஸ்தானிய பூச்சியியலாளர் ரஹ்மான் சையத், கேமரூனில் தங்கி ஆராய்ந்து, மகரந்தத்தைச் சுமப்பது வண்டுகளே என்று நிறுவினார். வேறு பயிரைத் தொடாது என்று சோதித்த பிறகு, 1981இல் ஜொகூரின் குளுவாங்கில் ஒரு தோட்டத்தில் வண்டுகள் விடப்பட்டன. ஓரிரு ஆண்டுக்குள் தீபகற்பம் முழுக்கப் பரவின. குலையில் சுமார் பாதியாக இருந்த காய்ப்பு 70 விழுக்காடு அளவுக்கு ஏறியது. மகரந்தம் ஊதும் வேலை அத்தோடு நின்றது.

பூத்த ஆண்பூங்கொத்தின் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனால் சோம்பு வாசம் அடிக்கும். அந்த வாசம்தான் வண்டுக்கு அழைப்பு. அங்கே அது மகரந்தம் தின்னும், புணரும், வாடிய பூவில் முட்டையிடும். புழுக்கள் அந்தப் பூவையே தின்று வளரும். பெண்பூங்கொத்தும் அவ்வப்போது அதே வாசத்தை வெளியிடும், ஆனால் வண்டுக்கு அங்கே கொடுக்க எதுவும் இல்லை. ஏமாந்து வந்த வண்டு, உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை உதிர்த்துவிட்டுத் திரும்பும். நாட்டின் எண்ணெய் விளைச்சலில் பெரும்பங்கு இந்த ஏமாற்றத்தால் நிகழ்கிறது.

வாடிய ஆண்பூவுக்குள் கொழுத்திருக்கும் வண்டுப் புழுக்களை எலி கண்டுகொண்டது. வண்டு வந்த சில ஆண்டுகளிலேயே, எலிகள் பூங்கொத்தைக் குதறிப் புழு தின்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். எலி இப்போது பழத்தையும் தின்கிறது, அடுத்த பழம் உருவாக வேண்டிய வண்டையும் தின்கிறது. கூகை ஓர் எலியைப் பிடிக்கும்போது, தன் வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பொருட்படுத்தாத வண்டைக் காப்பாற்றுகிறது. வண்டு வாழ்ந்தால் பழம் பெருகும், பழம் பெருகினால் எலி பெருகும், எலி பெருகினால் கூகைக்குச் சாப்பாடு. ஒருவரை ஒருவர் அறியாமலே கட்டிப்போடப்பட்ட கூட்டாளிகள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

நாகமும் மலைப்பாம்பும் இதே எலிக்காகத்தான் மட்டை அடுக்குக்குள் நுழைகின்றன. சுமத்ராவில் பிடிபட்ட மலைப்பாம்புகளின் வயிற்றை ஆராய்ந்த ரிச்சர்ட் ஷைன் குழு, சிறியவை பெரும்பாலும் எலியையே தின்பதைக் கண்டது. வளர்ந்த பிறகே பெரிய விலங்குகளுக்கு மாறுகின்றன. நஞ்சைத் துப்பும் கருநாகத்தின்மீது தோட்டத்து மக்களுக்கு இருக்கும் அச்சம் நியாயமானது. குலை வெட்டுகிறவர் குனியும் இடத்தில்தான் அது படுத்திருக்கும். நெடுங்காலணி போட்டுக்கொள்ளச் சொல்லலாம், நாகத்தோடு நட்பாக இருக்கச் சொல்ல முடியாது.

இந்தக் கூட்டத்துக்குப் பெரிய அடி விழுந்தது நம் பக்கத்திலிருந்து. வார்பரின் என்ற எலி மருந்துக்குத் தோட்டத்து எலிகள் பழகிப்போனபோது, புரோடிபாகும் போன்ற இரண்டாம் தலைமுறை மருந்துகள் வந்தன. அவை கல்லீரலில் நெடுநாள் தங்கும். மருந்து தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும், அந்தத் தள்ளாட்டமே கூகைக்கு எளிய வேட்டை. 1980களில் இந்த மருந்து வைத்த தோட்டங்களில் பெட்டிகள் காலியாகிக்கொண்டே வந்ததை ஆய்வாளர்கள் எழுதினார்கள். எலி மறுபடி பெருகும்போது பிடிக்க ஆளில்லை. எலி ஆண்டுக்குப் பலமுறை ஈனும். கூகையின் இடத்தை நிரப்ப எத்தனையோ மாதம் பிடிக்கும்.

வௌவாலின் கதை ஈப்போவைச் சூழ்ந்த சுண்ணாம்புக் குன்றுகளிலிருந்து தொடங்குகிறது. கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கும் அதே வகைப் பாறை. 2018இல் தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிந்தா பள்ளத்தாக்கில் இப்படிப்பட்ட குன்றுகள் பல நிற்கின்றன. இத்தகைய குகைகளில் தங்கும் தேன்வௌவால், இரவில் வெகுதூரம் பறந்து பூக்களைத் தேடும். சிலாங்கூரின் பத்துமலையில் தங்கியவை 38 கிலோமீட்டர்வரை போனது 1970களில் தெரியவந்தது. இந்த இனம் குரலெழுப்பி எதிரொலி கேட்பதில்லை. ஆனால் இருட்டில் சிறகாலேயே சொடுக்குப் போடுகிறது, அந்தச் சொடுக்கின் எதிரொலியை வைத்து முன்னால் ஏதோ இருப்பதை உணர்கிறது. 2014இல்தான் இது வெளிவந்தது.

பால்மரத்தை வெட்டிவிட்டு டுரியான் வைத்தவர்களுக்கு இந்த வௌவால் முக்கியம். பிற்பகலில் விரியும் டுரியான் பூ, இருட்டியதும் தேன் சுரந்து விடியுமுன் உதிர்ந்துவிடும். பல வகைகளில் தன் மகரந்தம் தனக்கே ஒத்துவராது, இன்னொரு மரத்திலிருந்து யாராவது கொண்டுவர வேண்டும். அதைக் கொண்டுவருவதில் வௌவாலுக்கு நிகர் குறைவு. காலையில் மரத்தடி முழுக்க இதழும் மகரந்தக் காம்பும் உதிர்ந்து கிடக்கும். அதைப் பார்த்து, இரவு வௌவால் பூவையெல்லாம் நாசம் பண்ணிவிட்டது என்று வலை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கீழே கிடப்பவை மரமே உதிர்த்தவை. பிஞ்சாகப் போகிற நடுப்பகுதி கிளையில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். அது பழுத்து விழ மூன்று மாதத்துக்கு மேல் ஆகும், எத்தனை பிஞ்சு நின்றது என்று அப்போது எண்ணிப் பார்க்கலாம்.