முத்திரையும் மூன்று மாதமும்

வேற்று நாட்டிற்கு நியமனம் பெற்றுச் செல்லும் தூதரக உத்தியோகத்தர் ஒருவர் அங்கு முதலிற் செய்வன யாவை? தம் வருகையை அந்நாட்டு வெளிநாட்டமைச்சுக்கு அறிவிக்கின்றார். தங்குவதற்கு வீடு தேடுகின்றார். காரியாலயத்தை ஒழுங்கு செய்து, எழுதுவினைஞரையும் சாரதியையும் அமர்த்துகின்றார். அரசாங்கத்தில் யார் யாரிடம் எவ்வெவ்வதிகாரம் உண்டு என்பதை விசாரித்தறிகின்றார். சமாதான காலத்தில் இவை வெறும் சம்பிரதாயங்கள். யுத்தம் சூழ்ந்த நகரிலோ, இச்சிறு கருமங்களே பிற்பாடு உயிர் காக்கும் அரணாகிவிடுதல் கூடும். ஹங்கேரியின் தலைநகராகிய புடாபெஸ்ற்றில் 1944 ஆம் ஆண்டு நிகழ்ந்தவை இதற்குத் தக்க சான்றாகும்.

முதற்கண், தூதரகத்தின் வலிமை யாது என்பதை நோக்குவோம். தூதுவரிடம் படையில்லை, பொலிஸ் இல்லை. அவரிடம் உள்ளவை மூன்றே. ஒன்று, அவர் மேனியைத் தீண்டலாகாது என்னும் மரபு. இரண்டு, தூதரக வளவினுள் அனுமதியின்றி எவரும் புகலாகாது என்னும் மரபு. மூன்று, அவர் நாட்டின் பெயரால் இடப்படும் முத்திரை. 1961 இல் வியன்னாவில் உருவான உடன்படிக்கை முதலிரு மரபுகளையும் எழுத்தில் வகுத்தது. அதற்கு முன்னர் அவை வழக்காறாகவே நின்றன. இம்மூன்றும் ஒரு நிபந்தனைக்குட்பட்டவை என்பதை நேயர்கள் மனங்கொள்ளல் வேண்டும். இருக்கும் நாட்டு அரசு, அனுப்பிய நாட்டின் நல்லெண்ணத்தை விரும்பும் வரையிலேயே அவற்றிற்கு மதிப்பு உண்டு.

1944 மார்ச் 19 இல் ஜேர்மன் படைகள் ஹங்கேரியினுட் புகுந்தன. மே 15 முதல் ஜூலை 9 வரை, எட்டு வார காலத்தில், ஏறக்குறைய 437,000 யூதர்கள் புகையிரதப் பெட்டிகளில் அடைத்து நாடுகடத்தப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் சென்றடைந்த இடம் அவுஷ்விற்ஸ் கொலைமுகாம். பல நாடுகளின் கண்டனம் எழவே, ஹங்கேரியின் ஆட்சித் தலைவர் ஹோர்த்தி ஜூலை முற்பகுதியில் நாடுகடத்தலை நிறுத்தினார். அதற்குள் மாகாணங்கள் வெறுமையாகிவிட்டன. தலைநகரில் மட்டும் ஏறக்குறைய இரண்டு இலட்சம் யூதர் எஞ்சியிருந்தனர்.

ஜூலை 9 ஆம் நாள் சுவீடன் தூதரகத்தின் செயலாளராக அந்நகரில் வந்திறங்கினார் றாவுல் வலன்பேர்க். வயது முப்பத்தொன்று. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் கட்டடக்கலை பயின்றவர். பின்னர் வணிகத்தில் ஈடுபட்டு, அதன் பொருட்டு முன்னரும் ஹங்கேரிக்கு வந்து சென்றவர். இராசதந்திர சேவையில் அவருக்கு முன் அனுபவம் இல்லை. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ற் 1944 ஜனவரியில் அமைத்த யுத்த அகதிகள் சபை, நடுநிலை நாடான சுவீடனின் உதவியை நாடியதன் பயனாகவே அவர் அனுப்பப்பட்டார்.

புதியவர் வெறுந்தரையில் வீடு கட்டவில்லை என்பதையும் கூறுதல் வேண்டும். தூதரகத் தலைவர் தானியல்சனும் செயலாளர் பெர் ஆங்கரும் சுவீடனோடு உறவோ வணிகத் தொடர்போ உடைய யூதருக்கு ஏலவே தற்காலிகக் கடவுச்சீட்டு வழங்கியிருந்தனர். வலன்பேர்க் அதனை விரிவுபடுத்தினார். நீலமும் மஞ்சளும் கலந்து, சுவீடனின் மூன்று முடிச் சின்னமும் முத்திரையும் கையொப்பமும் பொலியப் பாதுகாப்புப் பத்திரம் ஒன்றை அச்சிடுவித்தார். சர்வதேசச் சட்டத்தில் அதற்கு ஆதாரம் இருக்கவில்லை. ஆயினும், கம்பீரமான பத்திரங்களுக்கு ஜேர்மன், ஹங்கேரிய அதிகாரிகள் தலைவணங்குவர் என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார். முதலில் 1,500 பத்திரங்களுக்கே அனுமதி கிடைத்தது. பின்னர் அது 4,500 ஆயிற்று. வழங்கப்பட்டவையோ அதனினும் பல.

அடுத்து அவர் காரியாலயத்தை வளர்த்தார். அதில் அமர்த்தப்பட்ட சில நூற்றுவர் யூதரே. தூதரக ஊழியர் என்ற காரணத்தால், யூதர் அணியவேண்டிய மஞ்சள் நட்சத்திரத்தினின்று அவர்கள் விலக்குப் பெற்றனர். ஆகவே, உத்தியோகம் கொடுத்தலே உயிர் கொடுத்தலாயிற்று. அமெரிக்க யூத நிவாரண நிறுவனத்தின் பணங்கொண்டு வீடுகள் வாடகைக்கு எடுக்கப்பட்டன; வாயிலிற் சுவீடன் கொடி பறந்தது. 1942 முதல் அந்நகரில் இருந்த சுவிற்சர்லாந்தின் துணைக் கொன்சல் காள் லூற்ஸ், 8,000 பேருக்குக் கிடைத்த குடியகல்வு அனுமதியை 8,000 குடும்பங்களுக்கானது எனக் கணக்கிட்டார். அவ்வாறே பாதுகாப்புக் கடிதங்களைப் பெருக்கினார். வத்திக்கான் பிரதிநிதி அஞ்சலோ றொற்றாவும் பத்திரங்கள் வழங்கினார்.

இவ்வாறு கழிந்த மூன்று மாதங்களின் பயன் ஒக்டோபர் 15 இற் புலனாயிற்று. அன்று ஹோர்த்தி வீழ்த்தப்பட்டார். அம்புச் சிலுவைக் கட்சியின் தலைவர் சாலசி ஆட்சியைக் கைப்பற்றினார். பாதுகாப்புப் பத்திரங்கள் செல்லாவெனப் புதிய அரசு அறிவித்தது. ஆனால், நடுநிலை நாடுகள் தன்னை அங்கீகரித்தல் வேண்டும் என்ற ஆவலும் அவ்வரசுக்கு இருந்தது. தூதர்கள் அந்த ஆவலைப் பற்றிப் பிடித்தனர். பத்திரங்கள் மீண்டும் செல்லுபடியாயின. அச்சடித்த தாளும், வாடகை வீடும், பழக்கமான அதிகாரியும் அதற்குள் ஆயத்தமாக இராவிடின், அவ்வேளையில் எதனைப் பற்றி வாதிட்டிருத்தல் கூடும்?

நவம்பரில் பல்லாயிரவர் ஒஸ்ற்றிய எல்லையை நோக்கிக் கால்நடையாகத் துரத்தப்பட்டனர். வலன்பேர்க்கும் ஆங்கரும் உணவும் மருந்தும் ஏற்றிக்கொண்டு அவ்வீதி வழியே சென்று, பத்திரம் உடையோரைக் கேட்டு மீட்டனர். எனினும், பத்திரம் எங்கும் காக்கவில்லை. பாதுகாக்கப்பட்ட வீடுகளிலிருந்தே பலர் இழுத்துச் செல்லப்பட்டு, டன்யூப் நதிக்கரையிற் சுடப்பட்டனர். முத்திரையின் வலிமைக்கு எல்லையும் உண்டு.

டிசம்பர் இறுதியிற் சோவியத் படை நகரைச் சூழ்ந்தது. 1945 ஜனவரி 17 இல் அப்படைத் தலைமையைக் காணவெனப் புறப்பட்ட வலன்பேர்க்கும், அவருடைய சாரதி வில்மோஷ் லங்பெல்டரும் திரும்பவில்லை. வலன்பேர்க் 1947 ஜூலையில் மொஸ்கோச் சிறையில் இறந்தாரென 1957 இற் சோவியத் அரசு கூறிற்று. அவருடைய குடும்பத்தார் அதனை ஏற்கவில்லை. 2016 இற் சுவீடன் அவரை இறந்தவராகச் சட்டப்படி பிரகடனஞ் செய்தது. பிறரைக் காத்த இராசதந்திர மரபு, அவரைக் காக்கவில்லை.

திருவள்ளுவர் தூது என ஓர் அதிகாரமே வகுத்தார். அங்குப் பேசப்படும் தூதன் தன் வேந்தனின் நன்மைக்காக உயிரையும் பொருட்படுத்தாதவன். புடாபெஸ்ற்றில் நாம் காணும் தூதரோ, தம் நாட்டவரோ தம் சமயத்தவரோ அல்லாத மக்களின் பொருட்டு அவ்வாறு நின்றனர்.

பாடசாலையில் நாள்தோறும் சான்றிதழ்களுக்கு முத்திரையிடும் எம்போன்றோர் இவ்வரலாற்றைச் சற்றே ஆழமாகச் சிந்தித்தல் தகும். தாளும் மையும் தம்மளவில் உயிரற்றவை. அவற்றை அகதியின் கையில் வைத்து, "இவர் எம் பாதுகாப்பில் உள்ளார்" என வீதியில் வந்து சொல்ல ஒருவர் முன்வரும்போதே அவை உயிர் பெறுகின்றன. அவ்வாறு சொல்லவேண்டிய நாள் முன்னறிவித்து வருவதில்லை. ஆதலின், அமைதியாக உள்ள நாட்களிலேயே அதற்கான ஆயத்தங்களைச் செய்து வைத்தல், மேசை முன் அமர்ந்து பணிபுரியும் ஒவ்வொருவரின் கடமையாகும்.