மூன்று நெம்புகோல் விளக்கு ஆளி

மூன்று நெம்புகோல் விளக்கு ஆளி என்பது ஐக்கிய அமெரிக்க இராணுவ வண்டிகளின் விளக்குகளைக் கட்டுப்படுத்தும் ஒரு மின் ஆளி ஆகும். எம்151 ஜீப், எம்35 சுமையுந்து, ஹம்வீ முதலிய வண்டிகளில் இது பயன்பட்டது. இராணுவப் பணியிலிருந்து விலக்கப்பட்டுத் தனியாரிடம் வந்து சேர்ந்த இவ்வகை வண்டிகளிலும் பெரும்பாலும் இதே ஆளியைக் காணலாம். சாதாரண மகிழுந்தின் சுவிட்சிலிருந்து இது ஒரு முக்கியமான விதத்தில் வேறுபடுகின்றது. முதன்மை நெம்புகோல் ‘ஆஃப்’ நிலையில் இருந்தால், பிரேக்கை மிதித்தாலும் பின்புறப் பிரேக் விளக்கு எரியாது. இதை அறியாமல் சாலையில் ஓட்டினால் பின்னால் வருபவர் மோத நேரிடலாம்.

தேவை

போர்க்களத்தில் இரவில் எரியும் முன்விளக்கு ஒன்று, வண்டி இருக்கும் இடத்தை எதிரிக்குக் காட்டிக் கொடுத்துவிடும். பிரேக்கை மிதிக்கும்போது ஒரு கணம் ஒளிரும் சிவப்பு விளக்கும் அவ்வாறே. ஆயினும் விளக்கே இல்லாமல் பல வண்டிகள் வரிசையாகச் செல்வது கடினம். எனவே இவ்வண்டிகளில் இரண்டு தொகுதி விளக்குகள் உள்ளன. வழக்கமான ஒளி தருபவை சேவை விளக்குகள். மங்கலான ஒளி தருபவை இருட்டடிப்பு விளக்குகள். இருட்டடிப்பின்போது சேவை விளக்குகள் தவறுதலாகக்கூட எரிந்துவிடக் கூடாது என்பதே இந்த ஆளியின் வடிவமைப்புக்கு அடிப்படை.

இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் எம்பி ஜீப்பிலேயே இக்கருத்து இருந்தது. அதன் இழுப்பு ஆளியை முதல் நிலைக்கு இழுத்தால் இருட்டடிப்பு விளக்குகள் மட்டும் எரியும். ஒரு பொத்தானை அழுத்தினாலன்றி அதை மேலும் இழுத்துச் சேவை விளக்குகளை எரிக்க இயலாது.

நெம்புகோல்கள்

ஆளியின் மேற்பகுதியில் நீளமான முதன்மை நெம்புகோல் உள்ளது. அதன் கீழே இரண்டு சிறிய நெம்புகோல்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று பூட்டு விடுவிக்கும் நெம்புகோல். மற்றொன்று கருவிப் பலகை விளக்கின் ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் அணைக்கவும் உதவுகின்றது. வண்டியை நிறுத்தி வைக்கும்போது எரியும் விளக்குகளுக்கான ‘பார்க்’ நிலையும் இதிலேயே அமைந்துள்ளது.

முதன்மை நெம்புகோலுக்கு ஐந்து நிலைகள் உண்டு:

* ஆஃப்: அனைத்து வெளி விளக்குகளும் அணைந்திருக்கும்.
* ஸ்டாப் லைட்: பகலில் ஓட்டுவதற்கானது. பிரேக் விளக்கும் இண்டிகேட்டர் விளக்குகளும் செயற்படும்.
* சர்வீஸ் டிரைவ்: இரவில் சாலையில் ஓட்டுவதற்கானது. மேற்கூறியவற்றுடன் முன்விளக்கும் பின்விளக்கும் எரியும்.
* பி.ஓ. மார்க்கர்: முன்னும் பின்னும் உள்ள சிறிய இருட்டடிப்பு அடையாள விளக்குகள் எரியும்.
* பி.ஓ. டிரைவ்: அவற்றுடன் முன்புறம் உள்ள மறைப்பிட்ட ஓட்டு விளக்கு ஒன்றும் எரியும். மேலே உள்ள மறைப்பினால் இதன் ஒளி தரையில் மட்டும் விழும்.

‘பி.ஓ.’ என்பது இருட்டடிப்பைக் குறிக்கும் சுருக்கம். இவ்விரு நிலைகளிலும் பிரேக்கை மிதித்தால் சேவைப் பிரேக் விளக்கு எரியாது. மங்கலான இருட்டடிப்புப் பிரேக் விளக்கு மட்டுமே எரியும்.

‘ஆஃப்’ நிலையிலிருந்து பி.ஓ. மார்க்கர் நிலைக்கு நெம்புகோலை நேராகத் திருப்பலாம். ஏனைய நிலைகளுக்குச் செல்ல, பூட்டு விடுவிக்கும் நெம்புகோலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இருட்டில் கை தவறிப் பட்டாலும் மிக மங்கலான விளக்குகளே எரியும். பிரகாசமான ஒளிக்கு இரண்டு செயல்கள் தேவை.

பின்விளக்கும் இடைவெளியும்

இருட்டடிப்புப் பின்விளக்குகள் ஒவ்வொன்றிலும் ஒளி வெளிவரும் சிறு திறப்புகள் அருகருகே உள்ளன. பின்னால் வரும் ஓட்டுநர் இவற்றைக் கொண்டே தூரத்தைக் கணிக்கிறார். சுமார் 18 மீட்டருக்குள் நெருங்கினால் நான்கு ஒளிப் புள்ளிகள் தெரியும். 18 முதல் 55 மீட்டர் வரை இரண்டாகத் தெரியும். அதற்கு அப்பால் ஒன்றாகத் தெரியும். இரண்டாகத் தெரிவதே சரியான இடைவெளி. நல்ல ஒளியில் மனிதக் கண் ஏறத்தாழ ஒரு பாகை நிமிடக் கோணத்தில் உள்ள இரு புள்ளிகளைப் பிரித்தறியும். மங்கலான ஒளியில் இத்திறன் மேலும் குறையும். ஆகவே தூரம் கூடும்போது அருகருகே உள்ள புள்ளிகள் ஒன்றிவிடுகின்றன. எவ்விதக் கருவியும் இன்றித் தூரத்தை அளக்கும் எளிய முறை இது.

பொதுச் சாலையில் பயன்பாடு

இவ்வண்டியைப் பகலில் ஓட்டுமுன் ஸ்டாப் லைட் நிலைக்கும், இரவில் சர்வீஸ் டிரைவ் நிலைக்கும் மாற்ற வேண்டும். புறப்படுமுன் ஒருவரைப் பின்னால் நிற்கச் செய்து, பிரேக்கை மிதித்து விளக்கு எரிகின்றதா எனப் பார்ப்பது நல்லது. இருட்டடிப்பு விளக்குகள் பிறர் கண்ணில் படாதிருக்கவே அமைக்கப்பட்டவை. எனவே அவை பொதுச் சாலைக்கு ஏற்றவை அல்ல.

முன்விளக்கின் உயர் கற்றையையும் தாழ் கற்றையையும் மாற்றுவது இந்த ஆளி அன்று. அதற்குத் தரையில் இடக்காலால் அழுத்தும் தனி ஆளி உண்டு. மேலும், மேற்கூறிய எம்151, எம்35, ஹம்வீ ஆகியவற்றின் மின்னமைப்பு 24 வோல்ட்டில் இயங்குவது. சாதாரண மகிழுந்தின் 12 வோல்ட் குமிழை இதில் பொருத்தினால் அது எரிந்துபோகும்.

ஒரு விளக்கு மட்டும் எரியாவிட்டால் அதன் குமிழையும் புவி இணைப்பையும் முதலில் சோதிக்க வேண்டும். ஒரு நிலைக்குரிய விளக்குகள் அனைத்தும் எரியாவிட்டால் ஆளியின் உட்தொடுப்புகளில் பழுது இருக்கக்கூடும்.