பிரதமரின் பேரன் கட்டிய பங்களா

அப்புத்தளையில் ரயிலை விட்டிறங்கி அடிஷாம் பங்களாவுக்கு ஆட்டோ பிடித்தால் வழியிலேயே ஒரு கதை காதில் விழும். அதைக் கட்டிய வெள்ளைக்காரத் துரை இலங்கைக்கு வந்தபோது கையில் பத்துப் பவுண்தான் இருந்ததாம். இருந்திருக்கலாம். அவருடைய தாத்தா இங்கிலாந்தின் பிரதமர் என்பதைக் கதை சொல்கிறவர்கள் கடைசியில்தான் சொல்வார்கள். சிலர் சொல்வதே இல்லை.

சேர் தோமஸ் லிஸ்டர் வில்லியர்ஸ் 1869இல் கென்ட் பகுதியிலுள்ள அடிஷாம் என்ற ஊரில் பிறந்தவர். தந்தை அங்கே பாதிரியார். தாய், இருமுறை பிரதமராக இருந்த லோர்ட் ஜோன் ரஸலின் மகள். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குத் தோட்டத்தில் என்ன வேலை? ஆங்கிலப் பிரபுக்களின் பட்டமும் நிலமும் மூத்த மகனோடு போய்விடும். இளைய கிளைகளுக்கு மிஞ்சுவது தேவாலயம், பட்டாளம், அல்லது குடியேற்ற நாடு. தந்தை முதலாவதைப் பிடித்துக்கொண்டார். மகன் 1887இல் கப்பலேறினார். கோப்பியை நோய் தின்றுவிட்டு, தேயிலை மலையேறிக்கொண்டிருந்த நேரம். அப்புத்தளை இருக்கும் ஊவா தனி மாகாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

தோட்டத்தில் தொழில் பழகியவர், பிறகு கொழும்பில் ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின் தலைவரானார். இந்த ஏஜென்சிக் கம்பனிகளின் பலத்தைப் புரிந்துகொள்ளாமல் மலையகத்தைப் புரிந்துகொள்ள முடியாது. முதலாளி லண்டனில் இருப்பார். பணம், உரம், தேயிலை ஏற்றுமதி, துரைமார் நியமனம் எல்லாம் கொழும்பு அலுவலகத்தின் கையில். பெரியதுரைக்கும் மேலே ஒரு துரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாற்காலியிலிருந்து சட்டநிரூபண சபைக்குப் போவது நெடுந்தூரமல்ல. வில்லியர்ஸும் ஐரோப்பியர் தரப்பில் அங்கே அமர்ந்தார்.

அவருடைய தாய்வழிக் குடும்பத்துக்கு இலங்கை புதிதுமல்ல. 1848இல் புதிய வரிகளை எதிர்த்து மாத்தளையில் கலகம் வெடித்தபோது அதை இராணுவச் சட்டத்தால் நசுக்கிய ஆளுநர் டொரிங்டன் பிரபு, அன்றைய பிரதமர் ரஸலின் உறவினர். உறவுக்காரருக்குக் கொடுத்த பதவி என்று லண்டனிலேயே முணுமுணுப்பு எழுந்தது. 1850இல் டொரிங்டன் பதவியை விட்டுப் போனார். அதே ரஸல்தான், பிரித்தானியாவில் வாக்குரிமையை விரித்த சீர்திருத்த மசோதாவை 1831இல் பாராளுமன்றத்தில் முன்வைத்தவர்.

பேரன் காலத்துச் சபையோ சொத்தும் படிப்பும் உள்ள சிலருக்கே வாக்குரிமை இருந்த சபை. 1921 கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் 6 இலட்சம் பேர்; 1924 சபையில் இந்தியருக்கு 2 ஆசனங்கள். அவற்றில் ஒன்றுக்கு 1925இல் கோ. நடேசய்யர் வந்துசேர்ந்த பிறகுதான் தோட்டத் தொழிலாளியின் குரல் அந்த மண்டபத்தில் உரக்கக் கேட்டது. சர்வசன வாக்குரிமை 1931இல் வந்தது. அதைப் பரிந்துரைத்த ஆணைக்குழுவின் தலைவர் டொனமூரும் ஒரு பிரபுதான். தோட்டத் தமிழருக்கு மட்டும் நிரந்தர வதிவை நிரூபிக்கும் நிபந்தனை ஒட்டிக்கொண்டது.

அடிஷாம் பங்களா எழுந்ததும் 1931ஐ ஒட்டித்தான். கென்டின் லீட்ஸ் கோட்டையை மனதில் வைத்துக் கட்டிய கருங்கல் மாளிகை. கூரைக்குப் பர்மாத் தேக்கு. அதே காலத்தில் தோட்டத் தொழிலாளருக்கோ, குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல் வந்து, 1929இல் மலைநாட்டில் நிர்ணயமான நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். விலைச் சரிவைக் காட்டி அதையும் சில வருடங்களுக்குள் வெட்டினார்கள். பங்களாவைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் பத்துப் பவுணோடு இந்தச் சதங்களையும் சொன்னால் நன்றாக இருக்கும்.

வில்லியர்ஸ் முதுமையில் பங்களாவை விட்டுப் போய் 1959இல் இறந்தார். அதற்கு முன்பே கைமாறிய மாளிகையை 1960களின் தொடக்கத்தில் பெனடிக்ட் சபைத் துறவிகள் வாங்கினார்கள். இன்று அது புனித பெனடிக்ட் மடம். வார இறுதியிலும் போயா நாட்களிலும் பள்ளி விடுமுறையிலும் வாசிப்பறையையும் வரவேற்பறையையும் பார்க்க விடுகிறார்கள். மற்ற அறைகள் துறவிகளுக்கு. வாசலில் விற்கும் ஜாம் அவர்களே செய்வது.