இரண்டு காது, இரண்டு கடிகாரம்: காக்ளியர் இம்ப்ளான்ட் பற்றி யாரும் சொல்லாத கணக்கு

'பல்', 'பால்' – இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒரே ஒரு மாத்திரை. கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியம் அதற்கு அளவே சொல்லிவிட்டது. கேட்பதில் பாதி காலக் கணக்குதான். ஆனால் காக்ளியர் இம்ப்ளான்ட் பற்றி நம்ம வீடுகளில் இதை யாரும் பேசுவதில்லை. "ஆபரேஷன் முடிஞ்சா எல்லாம் கேட்டுடும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

நான் வசிக்கும் லண்டனில் இந்தக் காலக் கணக்கை ஆராய்ந்தவர்கள் பலர். யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனைச் சேர்ந்த ஸ்டூவர்ட் ரோசன் 1992இல் பேச்சொலியை மூன்று அடுக்காகப் பிரித்துக் காட்டினார். முதலாவது, விநாடிக்கு 2 முதல் 50 முறை வரை ஏறி இறங்கும் ஒலியளவு. இரண்டாவது, 50 முதல் 500 வரையிலான குரலின் அதிர்வு. மூன்றாவது, 600க்கு மேல் போகும் நுண்ணிய அலைகள்.

இம்ப்ளான்ட் இதில் எதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது? மைக்கில் விழும் ஒலியைப் பல பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்முனையில் சிறு மின்துடிப்புகளை அனுப்புகிறது. பல கருவிகளில் துடிப்பின் வேகம் மாறாதது. விநாடிக்கு சுமார் 900. துடிப்பின் பலம் மட்டும் ஒலியளவைப் பின்பற்றி ஏறி இறங்கும். அதாவது முதல் அடுக்கு நன்றாகப் போய்ச் சேர்கிறது, இரண்டாவது அரைகுறை, மூன்றாவது பெரும்பாலும் வழியிலேயே காணாமல் போகிறது.

அமைதியான அறையில் பேச்சு புரிய முதல் அடுக்கே ஏறக்குறைய போதும். அதனால்தான் 'பல்–பால்' பிரச்சினை இல்லை. ஆனால் ல, ள, ழ சிரமம், ஏனென்றால் அங்கே வித்தியாசம் நீளத்தில் இல்லை. கல்யாண வீட்டில் தவிலின் தாளம் பிடிபடும், நாகஸ்வரத்தின் ராகம் நழுவும்.

அடுத்தது திசை. ஒலி ஒரு காதை அடைந்து மறு காதை அடைய அதிகபட்சம் ஒரு மில்லி விநாடியில் முக்கால் பங்குகூட ஆகாது. நல்ல காது அதில் 10 மைக்ரோ விநாடி வித்தியாசத்தையே கண்டுபிடிக்கும். இரண்டு பக்கமும் இம்ப்ளான்ட் வைத்தால்? பொதுவாக இரண்டு கருவிக்கும் தனித்தனி கடிகாரம், ஒன்றுக்கொன்று ஒத்திசைவு கிடையாது. ஐ.டி.யில் இருப்பவர்களுக்கு உடனே புரியும்: நேரம் ஒத்துப்போகாத இரண்டு சர்வர்களின் லாகை வைத்து எது முதலில் நடந்தது என்று எப்படிச் சொல்வது? ஆகவே இவர்கள் பெரும்பாலும் எந்தப் பக்கம் சத்தம் அதிகம் என்பதை வைத்தே திசையை ஊகிக்கிறார்கள்.

ஆய்வகத்தில் இரண்டு பக்கத் துடிப்புகளையும் ஒத்திசைத்துக் கொடுத்தால் சிலருக்கு இந்த நேர வித்தியாசம் தெரிகிறது, குறிப்பாகப் பேச்சு கற்ற பிறகு கேட்கும் திறனை இழந்தவர்களுக்கு. பிறவியிலேயே கேளாதவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. அதாவது சிலரிடம் நரம்பு தயார், கருவிதான் தயாராக இல்லை. இது மருத்துவர் மட்டும் தீர்க்கும் விஷயமல்ல, பொறியாளர்கள் தீர்க்க வேண்டியது.

பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2009இல் குழந்தைகளுக்கு இரண்டு காதிலும், பார்வையின்மை போன்ற கூடுதல் குறைபாடு இல்லாத பெரியவர்களுக்கு ஒரு காதில் மட்டும் என்று வகுத்தது. 2019இல் தகுதி வரம்பைத் தளர்த்தியபோதும் இந்தக் கோடு அப்படியே இருந்தது. ஒரு காதோடு ரோட்டைக் கடப்பவருக்குப் பஸ் எந்தப் பக்கம் வருகிறது என்று காதால் சொல்வது மிகக் கடினம். சேமித்த செலவை இதோடு வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

தமிழ்நாட்டில் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சை கிடைப்பது பெரிய விஷயம். அதோடு கருவி எதைத் தரும், எதைத் தராது என்பதையும் பெற்றோருக்குச் சொல்லுங்கள். விசேஷ வீட்டின் இரைச்சலில் பின்னாலிருந்து கூப்பிட்டுத் திரும்பாத பிள்ளையை "கவனமே இல்லை" என்று திட்டாதீர்கள். முன்னால் போய் நின்று, ஒருவர் ஒருவராகப் பேசுங்கள்.