படத்தினுள் ஒரு பெயர்

இராசபாளையத்திற்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அய்யனார் கோவில் என்னும் இடம் உள்ளது. மலையினின்று இறங்கிவரும் ஆறும், அதன் கரைகளில் நெருங்கி வளர்ந்த மரங்களும் காண்போர் உள்ளத்தைக் கவர்வன. இம்மலைப் பகுதி சாம்பல் நிற மலையணிலின் உறைவிடமாகும். அவ்வணிலைக் காத்தற்பொருட்டு 1988ஆம் ஆண்டில் இங்கு ஒரு சரணாலயம் ஏற்படுத்தப்பட்டது. 2021ஆம் ஆண்டு முதல் அது திருவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகத்தின் ஒரு பகுதியாக விளங்குகிறது.

இங்கு வருவோருள் காமிராவோ செல்பேசியோ கையில் இல்லாதவர் அரியர். மாணவி ஒருத்தி நெடுநேரம் அசையாது காத்திருந்து, கிளைவிட்டுக் கிளை தாவும் மலையணிலைப் படம் பிடிக்கிறாள் என்று கொள்வோம். அதனைத் தோழியர்க்கு அனுப்புகிறாள்; அவர்கள் பிறர்க்கு அனுப்புகின்றனர். சில திங்களுக்குப் பின் அப்படம் ஒரு நாட்காட்டியின் அட்டையில் இடம் பெறுகிறது. அடியில் அச்சகத்தின் பெயர் இருக்கிறது. மாணவியின் பெயர் இல்லை. அச்சிட்டவரைக் கள்வர் என்று உடனே பழித்துவிடவும் இயலாது. பலர் கைமாறி வந்த அப்படத்தில், இஃது இன்னாருடையது என்று கூற ஒரு சொல்லேனும் இருந்ததில்லையே!

இத்தகைய இடர் எழுத்துக்கும் உண்டு. ஓலைச்சுவடியில் முதல் ஏடும் இறுதி ஏடும் சிதைந்தால் ஆசிரியர் யார் என்பதே தெரியாமற் போகும். எனினும், பாடலுக்குள்ளேயே பெயரை அமைத்துப் பாடும் வழக்கம் நம் நாட்டில் தொன்றுதொட்டு இருந்து வந்துள்ளது. திருவில்லிபுத்தூரில் தோன்றிய ஆண்டாள், திருப்பாவையின் இறுதிப் பாடலில் தம் ஊரின் பெயரையும், தந்தையாரின் பெயரையும், கோதை என்னும் தம் பெயரையும் கூறுகின்றார். பாடல்களின் தொகை முப்பது என்பதையும் அங்கேயே குறிக்கின்றார். ஒரு பாடலை எவரேனும் விட்டுவிட்டாலும், புதிதாக ஒன்றைச் சேர்த்தாலும் அத்தொகை காட்டிக் கொடுத்துவிடும். பெயரை மட்டும் பெயர்த்தெடுக்க முயன்றால் யாப்புச் சிதையும். இதனினும் உறுதியான உரிமைக் குறிப்பு வேறு யாதுளது?

எண்முறை நிழற்படத்திலும் இவ்வாறு பெயரை உள்ளே வைக்க இடம் உண்டு. நம் கண்ணுக்குப் படமாகத் தோன்றுவது, கணினிக்கு எண்களின் தொகுதியே ஆகும். அத்தொகுதி ஒரு கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. அக்கோப்பில், படத்திற்குரிய எண்களையன்றி, படத்தைப் பற்றிய செய்திகளை எழுதுவதற்கும் தனியிடம் ஒதுக்கப்பட்டுள்ளது. படத்தின் தோற்றத்தை அச்செய்திகள் சிறிதும் மாற்றுவதில்லை. அவற்றை எழுதும் முறைகளுள் ஒன்று, 1995ஆம் ஆண்டில் ஜப்பானில் வகுக்கப்பட்ட எக்ஸிஃப் என்பது. செய்தி நிறுவனங்களின் பன்னாட்டுக் கழகமாகிய ஐ.பி.டி.சி. வகுத்த முறை மற்றொன்று. நாளிதழ்கட்கு நாள்தோறும் வந்து குவியும் படங்களில் எது யாருடையது என்று அறிய வேண்டிய தேவையே பின்னதை வளர்த்தது எனலாம்.

நாளையும் நேரத்தையும், ஒளி புகுந்த கால அளவையும், வில்லையின் தன்மையையும் காமிரா தானே எழுதிக்கொள்ளும். ஆனால், தன்னை ஏந்தி நிற்பவர் யார் என்பதை அஃது அறியாது. அதனை நாமே எழுதுதல் வேண்டும். பல காமிராக்களின் அமைப்புப் பட்டியலில், படம் எடுப்பவர் பெயரையும் பதிப்புரிமை உடையவர் பெயரையும் பதிவு செய்ய வசதி உண்டு. ஒருமுறை பதிவு செய்துவிட்டால், அதன்பின் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அப்பெயர்கள் தாமே ஏறிவிடும். இரவல் காமிராவாயின் முன்னவர் பெயர் அதில் இருக்கின்றதா என்று பார்த்துக்கொள்வது நலம். இல்லையேல் நம் உழைப்பு அவர் பெயரில் உலவும்! செல்பேசியில் எடுத்த படமாயின் கணினியில் சேர்க்கலாம். விண்டோஸ் கணினியில் படக்கோப்பின் பண்புகளைத் திறந்தால், ஆசிரியர், பதிப்புரிமை என்னும் இடங்கள் காணப்படும். அங்கே பெயர், ஆண்டு ஆகியவற்றை எழுதிச் சேமித்தல் போதும். நூற்றுக்கணக்கான படங்களுக்கு ஒரே முறையில் எழுதித்தரும் மென்பொருள்களும் உள்ளன. பெயரோடு, தம்மைத் தேடிவர உதவும் ஒரு மின்னஞ்சல் முகவரியையும் எழுதுவோர் உளர். இசைவு கேட்க விரும்புபவர்க்கு அதுவே வழிகாட்டி.

பெயரைத் தமிழில் எழுதலாமா எனின், எழுதலாம். எக்ஸிஃப் முறையில் பெயருக்குரிய இடம் நெடுங்காலம் ஆங்கில எழுத்துகளை மட்டுமே ஏற்பதாக இருந்தது. 2023ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பே பிறமொழி எழுத்துகளுக்கும் இடம் தந்தது. பழைய கருவிகளில் இவ்வசதி இல்லையாதலின், தமிழில் ஒருமுறையும் ஆங்கிலத்தில் ஒருமுறையும் எழுதுதல் தக்கது.

பெயர் எழுதினால்தான் உரிமை உண்டாகும் என்று எண்ணற்க. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, நிழற்படத்தின் ஆசிரியர் அதனை எடுத்தவரே. படம் தோன்றிய அளவிலேயே உரிமையும் தோன்றிவிடுகிறது. பதிவு செய்தல் கட்டாயமன்று. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அவ்வுரிமை எடுத்தவரின் வாழ்நாள் முழுதும், அவர் மறைவுக்குப்பின் 60 ஆண்டுகளும் நிலைக்கும். திருமணப் படம் போலப் பிறர் பொருள் கொடுத்து எடுக்கச் செய்த படம் மட்டும் வேறு. மாறான உடன்படிக்கை இல்லாவிடில் அதன் முதல் உரிமையாளர் எடுக்கச் செய்தவரே ஆவார். படத்தினுள் எழுதும் பெயர் உரிமையைப் படைப்பதில்லை. இருக்கும் உரிமையைப் பிறர் அறியச் செய்கிறது.

பாட்டின் பெயருக்குள்ள உறுதி படத்தின் பெயருக்கு இல்லை என்பதையும் கூறியாக வேண்டும். யாப்பு இதற்குக் காவலன்று. செய்திச் செயலிகள் பல, படத்தை அனுப்பும்பொழுது அதன் அளவைச் சுருக்குகின்றன. அப்பொழுது உள்ளிருக்கும் குறிப்புகளும் உதிர்ந்துவிடுகின்றன. படமாக அனுப்பாது ஆவணமாக அனுப்பினால் குறிப்புகள் பெரும்பாலும் நிலைத்திருக்கும். படத்தின் மேலேயே பெயரைப் பொறிப்போரும் உளர். ஓரத்தில் பொறித்தால் வெட்டிவிடலாம், நடுவில் பொறித்தால் அணிலின் முகம் மறைந்துவிடும். மூலக்கோப்பைத் தம்மிடம் மாற்றாமல் வைத்திருப்பவரே வழக்கு நேரின் வலிமையுடையவர். குறிப்பு தானே உதிர்வது ஒன்று. அறிந்தே ஒருவர் அதனை அகற்றுவது மற்றொன்று. உரிமைக் குறிப்பை இசைவின்றித் தெரிந்தே நீக்குவோர்க்கும் மாற்றுவோர்க்கும் இரண்டாண்டு வரை சிறையும் தண்டமும் விதிக்க 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது.

உள்ளே எழுதத் தகாத குறிப்பும் ஒன்று உண்டு. இடங்காட்டும் வசதியைத் திறந்து வைத்திருந்தால், படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளைச் செல்பேசி தானே படத்தினுள் எழுதிவிடும். உல்லாசப் பயணத்தின் நினைவுப் படங்களுக்கு அது பயன்படலாம். அய்யனார் கோவிலை அடுத்த காட்டில், மரவுச்சியில் இலைகளால் அமைந்த அணிற்கூட்டைப் படம் பிடித்தவர்க்கோ அது பெருங்கேடு. மூலப்படத்தை மாற்றாது எவருக்கேனும் அவர் அனுப்பினால், அரிய உயிரைத் தேடித் திரியும் வேட்டைக்காரனுக்கும் வழி தெரிந்துவிடும். ஆதலால், காட்டினுள் நுழையுமுன்னரே அவ்வசதியை நிறுத்திவிடுவது எளிது. பின்னர் நீக்கலாம் என்று விட்டு மறந்தால், எடுத்தவரின் பெயரோடு கூடு இருக்கும் மரத்தின் முகவரியும் ஊர் ஊராகச் செல்லும்.