நாலு பேருக்கு நாலு கார் எதற்கு?

பொழுது விடியும் முன்பே மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய் வட்டாரத் தாமான்களில் கார்கள் கிளம்பிவிடுகின்றன. ஒரே தெருவிலிருந்து நாலு கார்கள் புறப்படும். நாலிலும் ஓட்டுநரைத் தவிர வேறு யாரும் இருப்பதில்லை. அரைமணி நேரம் கழித்து அந்த நாலும் ஒரே தொழிற்பேட்டை வாசலில், ஒரே நெரிசலில், ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்.

நம் பெற்றோர் காலத்தில் நிலைமை வேறு. தோட்டத்தில் வீடும் வேலைக்காடும் ஒரே எல்லைக்குள் இருந்தன. தூரமான வேலைக்காடு என்றால் லாரியில் எல்லாரும் சேர்ந்தே போனார்கள். தாமானுக்குக் குடிவந்த பிறகு வீடு ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம் என்றாகிவிட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பதுபோல் எல்ஆர்டி, எம்ஆர்டி ரயில்கள் ஜொகூர் பாருவுக்குள் இல்லை. கார் வாங்க முடியாதவர் மோட்டார் சைக்கிளை நம்புகிறார். மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள்தாம். பக்கத்து வீட்டுக் காரில் காலியாக இருக்கும் ஓர் இருக்கை, மழை நாளில் ஒருவரின் உயிரையே காக்கக்கூடும்.

சேர்ந்து போவது புதிய யோசனை அல்ல. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் 1975 ஜூன் மாதம், காலை நேரத்தில் நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்கு நாளொன்றுக்கு 3 சிங்கப்பூர் வெள்ளி கட்டணம் விதித்தார்கள். ஓட்டுநரோடு நால்வர் இருந்தால் கட்டணம் கிடையாது. உடனே பலர் துணைக்கு ஆள் தேடினார்கள். பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்களை ஏற்றி நால்வர் கணக்கைச் சரிசெய்தவர்களும் உண்டு. 1989இல் அந்தச் சலுகை நீக்கப்பட்டது. சலுகைக்காகச் சேர்ந்த கூட்டு சலுகையோடு போய்விடும். ஆனால், ஒருவரையொருவர் நம்பி, பேசி வைத்துக்கொண்ட கூட்டு நிலைக்கும்.

அப்படியானால் எப்படித் தொடங்குவது?

முதலில் ஆள். ஒரே தாமான், ஒரே பக்கம் வேலை, ஒரே ஷிப்ட் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். நண்பராக இருந்தால் மட்டும் போதாது. ஒருவருக்கு அடிக்கடி ஓவர்டைம் என்றால் மாலைப் பயணம் குழம்பும். அத்தகையவர்கள் காலையில் மட்டும் சேர்ந்து போகலாம். ஆரம்பத்தில் இருவர் போதும். இரண்டு வாரம் நடத்திப் பார்த்த பிறகு மூன்றாமவரைச் சேர்க்கலாம்.

இரண்டாவது நேரம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் ஹாரன் அடித்தால் அரைமணி நேரம் வீணாகும். எல்லாரும் ஒரே இடத்தில் கூடுவதே நல்லது. ஐந்து நிமிடம் காத்திருப்போம், அதற்கு மேல் கார் கிளம்பிவிடும் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். தாமதத்தால் ஒருவருக்கு வேலையிடத்தில் எச்சரிக்கைக் கடிதம் வந்தால், அங்கே நட்பும் முறிந்துவிடும்.

மூன்றாவது பணம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. எல்லாரிடமும் கார் இருந்தால் வாரத்துக்கு ஒருவர் என முறைவைத்து ஓட்டலாம். பணப் பேச்சே எழாது. ஒருவரிடம் மட்டும் கார் இருந்தால் செலவைப் பங்கிட வேண்டும். போக வர 60 கிலோமீட்டர், மாதம் 22 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் 1,320 கிலோமீட்டர். லிட்டருக்கு 12.5 கிலோமீட்டர் ஓடும் காருக்கு ஏறக்குறைய 106 லிட்டர் பெட்ரோல் தேவைப்படும். 2025 செப்டம்பர் இறுதியில் பூடி95 திட்டம் தொடங்கியபோது இருந்த 1 வெள்ளி 99 காசு விலையில் அது சுமார் 210 வெள்ளி. மூவர் பங்கிட்டால் ஆளுக்கு 70 வெள்ளிதான். டோல், கார் நிறுத்தும் கட்டணம் இருந்தால் அவற்றையும் சேர்த்துக் கணக்கிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். செலவைப் பங்கிடுவது வேறு, கட்டணம் வாங்குவது வேறு. கட்டணத்துக்கு ஆள் ஏற்ற, 2010ஆம் ஆண்டு தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டப்படி உரிமம் வேண்டும். இல்லாவிட்டால் அது ‘கெரெத்தா சாப்பு’ ஆகிவிடும். சாதாரணக் கார் காப்புறுதியும் வாடகைக்கு ஆள் ஏற்றுவதற்குப் பொருந்தாது. கூடவே, பயணிகளுக்கான சட்டப் பொறுப்புப் பாதுகாப்பைப் பெரும்பாலும் தனியாகத்தான் சேர்க்க வேண்டும். காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது முகவரிடம் இதைக் கேட்டுவிடுவது நல்லது. அதனால் பெட்ரோல் கணக்குக்கு மேல் ஒரு காசும் வாங்காமல் இருப்பதே உத்தமம்.

நாலாவது பாதுகாப்பு. பின் இருக்கையில் அமர்பவர்களும் இருக்கைப் பட்டை அணிய வேண்டும் என்பது 2009 ஜனவரி முதல் இந்நாட்டில் சட்டம். இரவு ஷிப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் ஓட்டக்கூடாது. அன்று முறையை மாற்றிக்கொள்ளலாம். பெண்கள் தமக்கு நன்கு அறிமுகமானவரோடு மட்டுமே செல்ல வேண்டும். கார் எண்ணும் செல்லும் பாதையும் வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கும் இது பயன்படும். 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்தில் காரோடு வரிசையில் நிற்காமல், சோதனைச் சாவடி வரை சேர்ந்து போய், அங்கிருந்து பேருந்து பிடிக்கலாம். காரிலேயே அக்கரைக்குச் செல்பவர்கள், சிங்கப்பூர்ச் சோதனைச் சாவடியில் 2024 மார்ச்சில் அறிமுகமான கியூஆர் குறியீட்டு முறைப்படி, பத்துப் பேர் வரை ஒரே குறியீட்டில் காட்டலாம். மணிக்கு ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றிச் செல்லும் வகையில் ஆர்டிஎஸ் ரயில் பாதை அமைக்கப்பட்டுள்ளது. அந்த ரயில் வசதி வந்தாலும் புக்கிட் சாகார் நிலையத்துக்கு வீட்டிலிருந்து போய்ச் சேர்ந்தாக வேண்டுமே!

கடைசியாக ஒன்று. விலகும் வழியையும் முதலிலேயே பேசி வைக்க வேண்டும். ஷிப்ட் மாறலாம், வேலை மாறலாம். ஒரு வாரம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு விலகலாம் என்றால் யாருக்கும் மனக்கசப்பு வராது. கூட்டுப் பயணம் கெடுவது பெரும்பாலும் காரால் அல்ல, சொல்லாமல் விட்ட பேச்சால்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரரிடம் “எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள்?” என்று கேட்பதில் தொடங்கலாம்.