பாய் விரிக்கலாமா பாஸ்?

ஆடி மாசத்து சாயங்காலம். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில போய் உட்கார்ந்திருக்கீங்களா? மேட்டூர்ல திறந்துவிட்ட தண்ணி படியைத் தொட்டுக்கிட்டு ஓடும். பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற மேற்குக் காத்து, கையில இருக்குற நோட்ஸைப் பிடுங்கிட்டுப் போகும். தண்ணியும் இருக்கு, காத்தும் இருக்கு... 'ஒரு பாய்மரப் படகு மட்டும் இருந்தா!'னு தோணியிருந்தா, இந்தப் பக்கம் உங்களுக்குத்தான்.

புதுப் படகு விலை நம்ம பாக்கெட்டுக்குத் தாங்காது. செகண்ட் ஹேண்ட்தான் ஒரே வழி. இந்தியாவில் ரொம்ப காலமா ஓடிக்கிட்டிருக்கிற ரெண்டு சின்னப் படகுகள் லேசரும் என்டர்பிரைஸும். 'ஆர்எக்ஸ் 100-ஆ, ஸ்ப்ளெண்டரா?'னு ஹாஸ்டல் ரூம்ல விடிய விடிய பட்டிமன்றம் நடத்துவோமே... கிட்டத்தட்ட அதே பஞ்சாயத்துதான்!

லேசர்: ஒத்தை ஆள் ராஜ்ஜியம்

கனடாவின் புரூஸ் கிர்பி வடிவமைத்தது. நீளம் 4.2 மீட்டர், படகோட உடல் எடை 59 கிலோ. ஒரே ஒரு பாய். பாய்மரத்தை இழுத்துக் கட்ட கம்பியே கிடையாது. ரெண்டு துண்டா வர்ற மரத்தைச் சொருகி, அதில் பாயை மாட்டினா கிளம்பிடலாம். 2019-ல் இருந்து இதன் அதிகாரப்பூர்வ பெயர் 'இல்கா'. ஒரே உடலுக்கு மூணு சைஸ் பாய் உண்டு. பெரியது சுமார் 7 சதுர மீட்டர், நடுவில் உள்ளது 5.76, சின்னது 4.7. ஒல்லியான ஆளுங்க பயப்பட வேண்டாம், நடுப் பாய் உங்களுக்குத்தான்.

ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பாய்மரப் படகு வீராங்கனை, சென்னையின் நேத்ரா குமணன். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் ஓட்டியது இந்த வகைதான். வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் 2023 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கியதும் இதில்தான்.

ஆனா ஒண்ணு... இதுல 'உள்ளே' உட்கார முடியாது, மேலேதான் உட்காரணும். முதல் நிமிஷமே நனைஞ்சிடுவீங்க. அசந்தா கவிழ்த்துடும். தண்ணிக்குள்ள இறங்கியிருக்கிற பலகை மேல ஏறி நின்னு, நீங்களே நிமிர்த்திக்கணும்.

என்டர்பிரைஸ்: நண்பனுக்கும் இடம் உண்டு

1956-ல் இங்கிலாந்தின் ஜாக் ஹோல்ட் வடிவமைத்தது. நீளம் 4 மீட்டர்தான், லேசரை விடக் குட்டை. ஆனா அகலம் 1.6 மீட்டர், எடை 90 கிலோவுக்கு மேல. ரெண்டு பாய், ரெண்டு ஆள். ஒருத்தர் சுக்கான், இன்னொருத்தர் முன்பாய். நீலப் பாய்தான் இதன் அடையாளம். போட்டி, உலா ரெண்டுக்கும்னு யோசிச்சே செஞ்ச படகு. அதனால டிபன் பாக்ஸும் வைக்கலாம், போட்டிக்கும் போகலாம்.

ஒரே படகு ரெண்டு வேலை பார்க்குறது நமக்குப் புதுசா என்ன? ராமநாதபுரம் மாவட்டம் தொண்டிப் பக்கம் கோயில் திருவிழாவுக்கு மீனவர்கள் பாய்மரப் படகுப் போட்டியே நடத்துறாங்களே!

தட்டிப் பாருங்க, தண்ணி ஊத்திப் பாருங்க

பழைய பைக் வாங்கப் போனா மெக்கானிக் அண்ணனைக் கூட்டிட்டுப் போவோம்ல? இங்கேயும் படகு தெரிஞ்ச ஒருத்தர் கூட வரணும்.

லேசரில் முதல்ல பார்க்க வேண்டியது பாய்மரம் சொருகுற குழி. அதுல தண்ணி நிரப்பிட்டு காத்திருங்க. மட்டம் குறைஞ்சா உள்ளே ஒழுகுதுன்னு அர்த்தம். அந்தக் குழி உடைஞ்சா பாய்மரமே சாயும். மேல்தளத்தைக் கையால அழுத்துங்க, மெத்து மெத்துன்னு அமுங்கினா நைஸா நழுவிடுங்க. முடிஞ்சா எடை போடுங்க. 59 கிலோவை விட ரொம்ப ஏறுதுன்னா, அது ரகசியமா தண்ணி குடிச்ச படகு.

என்டர்பிரைஸ் பழசுன்னா பெரும்பாலும் பிளைவுட். நடுப்பலகை இறங்குற பெட்டி ஓரம், பின்பலகை... இங்கெல்லாம் மரம் உளுத்திருக்கான்னு குத்திப் பாருங்க. பாய்மரத்தைப் பிடிச்சிருக்கிற கம்பியில் ஒரு இழை அறுந்திருந்தாலும் மாத்தணும். படகு மூழ்காம காக்கிற காத்து அறைகள்ல ஓட்டை இருந்தா, என்ன விலை சொன்னாலும் வேண்டாம்.

சரி, காவிரியில ஓட்டலாமா?

வேண்டாம் பாஸ். காரணத்தையும் கேட்டுக்கங்க. காவிரி மேற்கேருந்து கிழக்கே ஓடுது. ஆடிக் காத்தும் மேற்கேருந்து கிழக்கேதான் வீசுது. ரெண்டும் சேர்ந்து தள்ளும்போது போறது ஜாலியா இருக்கும். திரும்பி வர்றது? எதிர்க்காத்தில் பாய்மரப் படகு கோணல்மாணலா வளைஞ்சு வளைஞ்சுதான் முன்னேறும். நீங்க பத்தடி ஏறுறதுக்குள்ள ஆறு இருபதடி கீழே இழுத்துடும். கிழக்கே பாலத்துத் தூண்கள், அதையும் தாண்டினா கல்லணை மதகுகள். தண்ணிக்கு அடியில மணல் எடுத்த பள்ளங்கள், சுழல்கள். நீச்சல் தெரிஞ்ச பசங்களையே பறிகொடுத்த ஆறு இது. தண்ணி வத்தின கோடையிலயோ படகு மணல்லதான் நிக்கும்!

அப்ப எங்கே? சென்னைத் துறைமுகத்தில் 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கு, தமிழ்நாடு செயிலிங் அசோசியேஷன் இருக்கு. நேத்ரா முதன்முதலா படகு ஏறியது, பள்ளி வயசில் ஒரு கோடை முகாமில். உங்க காலேஜில் என்.சி.சி. கடற்படைப் பிரிவு இருந்தா இன்னும் சுலபம். அந்த மாணவர்களுக்கான அகில இந்தியப் பாய்மரப் படகுப் போட்டிகள் ஒடிசாவின் சிலிகா ஏரியில் நடந்திருக்கு. அதில் என்டர்பிரைஸும் ஓடியிருக்கு.

தீர்ப்பு என்னன்னா...

தோத்தாலும் ஜெயிச்சாலும் தனியா நின்னு மோதணும்னு வெறி இருக்கா? லேசர். ஒரு ஃப்ரெண்டும் ஒரு ஞாயித்துக்கிழமையும் போதுமா? என்டர்பிரைஸ். ஆனா அந்த ஃப்ரெண்டு ஞாயித்துக்கிழமை தவறாம வருவானான்னு முதல்ல கேட்டுக்கங்க. ஆள் வரலைன்னா படகு கரையிலேயே கிடந்து உளுத்துப் போகும். பல பழைய படகுகள் விலைக்கு வர்ற கதையே அதுதானே!

எதுவா இருந்தாலும் நீச்சல் முதல்ல, லைஃப் ஜாக்கெட் ரெண்டாவது. கிளப் படகுல கத்துக்கிட்டு ரெண்டையும் ஓட்டிப் பாருங்க. பணம் கொடுக்குறது கடைசி.

அதுவரைக்கும் அம்மா மண்டபம் படியில உட்கார்ந்து காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு கவனிங்க. பாய்மரப் படகோட்டியோட முதல் பாடமே அதுதான். ஃபீஸ் கிடையாது!